நேற்று நின்று தொழுதார். இன்று நாற்காலி கேட்கிறார்!

 

ஆனி பிறந்துவிட்டால் தென்காசிப் பகுதி மக்களுக்குச் சாரல் காலம். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்குக் காற்று நுழைந்து, மேகத்தை நம் தலைக்கு மேல் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. குற்றாலத்தில் அருவிகள் கொட்டத் தொடங்குகின்றன. அஸர் தொழுதுவிட்டுக் குடும்பத்தோடு அருவிக்குப் போய்த் திரும்புவது நம் ஊர்களில் பலருக்கும் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு மாலையில் நானும் புலியருவிக்குப் போயிருந்தேன். அங்கே நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரரைக் கண்டேன். தையல் தொழில் செய்பவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல். சின்ன மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, விழுகிற நீரில் சிரித்துக்கொண்டே நின்றார். நான் ஸலாம் சொல்லவில்லை. ஒதுங்கி வந்துவிட்டேன். ஏனென்றால், அதே சகோதரர் அன்று காலை பஜ்ருத் தொழுகையை நாற்காலியில் அமர்ந்து தொழுததை நான் பார்த்திருந்தேன். அதற்கு முந்தைய வாரம்தான், அவர் உடல் ஊனமுற்றோருக்கான உதவித் தொகை கேட்டு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லி, ஜமாஅத்தின் சிபாரிசுக் கடிதமும் வாங்கிச் சென்றிருந்தார்.

"காலையில் நாற்காலி, மாலையில் அருவியா?" என்று என் உள்ளம் கேட்டது. என் உள்ளம் மட்டுமல்ல. பத்து நாட்களில் ஜமாஅத் அலுவலகத்திற்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. 'பஜ்ருக்கு உட்கார்ந்து தொழுகிறவர் இஷாவுக்கு நின்று தொழுகிறார். அருவியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். இவருக்கு ஜமாஅத் கடிதம் கொடுத்தது பொய்ச் சாட்சியாகாதா?' என்பது அதன் கருத்து.

செய்தி அந்தச் சகோதரரின் காதுக்கும் எட்டியது. ஒரு நாள் லுஹருக்குப் பின் என்னிடம் வந்து அமர்ந்தார். கோபமாகப் பேசவில்லை. அவர் கேட்டது இதுதான்:

"ஹஜரத், அருவியில நின்னதும் நான்தான், காலையில சட்டைப் பொத்தானைப் போட முடியாம உட்கார்ந்திருக்கதும் நான்தான். இதுல எது நான்னு கவர்மெண்டுக்கு எழுத? அந்தப் பணம் எனக்கு ஹலாலா ஹராமா?"

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. "நாளை பஜ்ருக்கு முன் உங்கள் வீட்டுக்கு வருகிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் விடியுமுன் போனேன். அவர் கட்டிலில் அமர்ந்திருந்தார். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. ஆயிரக்கணக்கான சட்டைகளுக்குப் பொத்தான் வைத்த அந்தக் கைகளால் தம் சட்டையின் ஒரு பொத்தானைத் துளையில் நுழைக்க முடியவில்லை. அவர் மனைவிதான் போட்டுவிட்டார். உளூச் செய்வதற்கு அவர்தான் குழாயைத் திறந்துவிட்டார். கட்டிலிலிருந்து எழுந்து வாசல் வரை வருவதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் ஆயிற்று. பத்து மணிக்கு மேல் அந்த இறுக்கம் சிறிது சிறிதாக விடுமாம். மாலையில் பார்ப்பவருக்கு ஒன்றுமே இல்லாதது போல் இருக்குமாம். சில வாரங்கள் நன்றாகவே இருப்பாராம். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் மீண்டும் வந்து படுக்கையில் தள்ளுமாம்.

இது முடக்குவாதம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திசைமாறி மூட்டுகளைத் தாக்குவதால் வரும் நோய் என்கிறார்கள் மருத்துவர்கள். காலையில் ஒரு மணி நேரத்திற்கும் மேல் நீடிக்கும் இறுக்கம் அதன் அடையாளங்களில் ஒன்று. ஏறுவதும் இறங்குவதும் அதன் இயல்பு. இப்படி ஏறி இறங்கும் நோய்கள் வேறு பலவும் உண்டு. நரம்பைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நடுக்குவாதம், இரத்தம் உறையாத ஹீமோபிலியா, அரிவாள் அணு இரத்தச் சோகை ஆகியவற்றால் அவதியுறுவோருக்கும் நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரலாம்.

அன்பர்களே! அவர் கேட்ட கேள்வி ஒரு தையல்காரரின் கேள்வி மட்டுமல்ல. ஒரே மனிதன் ஒரு நாள் நடக்கிறான், ஒரு நாள் நடக்க முடியாமல் கிடக்கிறான் என்றால், அவனுடைய உண்மை நிலை எது? அவன் எதைச் சொன்னால் உண்மை சொன்னவனாவான்? அவனைப் பார்க்கிற நாம் எதை வைத்து அவனை எடை போடுவது? இவற்றுக்கு நம் மார்க்கத்தில் வழி இருக்கிறதா என்று பார்ப்போம்.

தொழுகையில் கிடைக்கும் வெளிச்சம்

மூல நோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகையைப் பற்றி வினவியபோது, நின்று தொழும்படியும், இயலாவிட்டால் அமர்ந்தும், அதற்கும் இயலாவிட்டால் ஒருக்களித்தும் தொழும்படியும் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. இதில் 'இன்று அமர்ந்தவர் நாளையும் அமர வேண்டும்' என்ற நிபந்தனை இல்லை. அந்தந்த வேளையின் சக்திதான் அளவு.

இன்னும் நுணுக்கமாகப் பாருங்கள். ஒருவர் நோயின் காரணமாக அமர்ந்து தொழத் தொடங்குகிறார். தொழுகையின் நடுவில் நிற்கும் சக்தி வந்துவிடுகிறது. அவர் எழுந்து நின்று மீதியை நிறைவு செய்ய வேண்டும் என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூறுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் சட்டமும் அதுவே. ஒரே தொழுகையில் ஒரு ரக்அத்தை அமர்ந்தும் மறு ரக்அத்தை நின்றும் நிறைவேற்றலாம் என்று ஷரீஅத் ஏற்றுக்கொள்ளும்போது, பஜ்ருக்கு அமர்ந்தவர் இஷாவுக்கு நிற்பதில் என்ன வியப்பு? உண்மையில் அவர் செய்ததுதான் சரி. நிற்க முடிந்த வேளையில் பிறர் பேச்சுக்கு அஞ்சி அவர் நாற்காலியில் அமர்ந்திருந்தால்தான் அவருடைய ஃபர்ளுக்குக் குறை வந்திருக்கும்!

'இயலாமை' என்றால் என்ன என்பதையும் ஃபுகஹாக்கள் விளக்கியிருக்கிறார்கள். கால் அறவே அசையாமல் இருப்பது மட்டும் இயலாமை அல்ல. நின்றால் நோய் அதிகமாகும், குணமாவது தாமதப்படும், தலை சுற்றும், கடும் வேதனை உண்டாகும் என்றிருந்தால் அதுவும் இயலாமையே. ஆகவே, 'பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் நிற்கலாம்' என்பவர் நிற்கச் சக்தியுள்ளவராகக் கருதப்பட மாட்டார்.

விட்டு விட்டு வரும் காய்ச்சல்

நோன்பிலும் இதற்கு ஒப்பான சட்டம் இருக்கிறது. நோயாளியின் நோய் தொடர்ந்து இருந்தால் அவர் இரவில் நிய்யத்தை விட்டுவிடலாம். ஆனால், ஒரு நேரம் வந்து ஒரு நேரம் விடுகிற காய்ச்சலாக இருந்தால் என்ன செய்வது? ஷாஃபிஈ நூற்கள் கூறுவது இது: நோன்பு தொடங்கும் நேரத்தில் காய்ச்சல் இருந்தால் நிய்யத்தை விடலாம், அந்நேரத்தில் காய்ச்சல் இல்லாவிட்டால் நிய்யத் வைக்க வேண்டும், பிறகு காய்ச்சல் திரும்பி, நோன்பை விட வேண்டிய தேவை ஏற்பட்டால் விட்டுவிடலாம். அதாவது, நல்ல நேரத்திற்கு நல்ல நேரத்தின் கடமை. கெட்ட நேரத்திற்கு அதன் சலுகை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை.

'மஃதூர்' என்னும் நிலை

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. தொழுகையும் நோன்பும் அந்தந்த வேளைக்கு உரியவை. உதவித் தொகையோ, சான்றிதழோ வேளைக்கு வேளை மாறுவதில்லை. ஆண்டுக் கணக்கில் ஒரு மனிதனின் நிலை என்ன என்பதைத்தான் அவை கேட்கின்றன. அதற்கு என்ன அளவுகோல்?

ஹனஃபீ மத்ஹபில் 'மஃதூர்' என்றொரு நிலை உண்டு. சிறுநீர் சொட்டிக்கொண்டே இருப்பவர், இரத்தம் நிற்காதவர் போன்றோருக்கு உரியது அது. மூன்று படிகளாக அதை வகுத்திருக்கிறார்கள். முதலாவது: அந்த நிலை ஒருவருக்கு உறுதியாவதற்கு, ஒரு தொழுகையின் நேரம் முழுவதும், உளூச் செய்து ஃபர்ளைத் தொழுது முடிக்கும் அளவுக்குக்கூட இடைவெளி கிடைக்காதவாறு அந்த உபாதை இருக்க வேண்டும். இரண்டாவது: அப்படி உறுதியானபின், அடுத்தடுத்த ஒவ்வொரு தொழுகை நேரத்திலும் ஒரு முறையேனும் அது ஏற்பட்டாலே போதும், அவர் மஃதூராகவே நீடிப்பார். மூன்றாவது: ஒரு தொழுகையின் நேரம் முழுவதும் அது ஒரு முறைகூட ஏற்படாமல் கழிந்துவிட்டால் அவர் அந்நிலையிலிருந்து நீங்கிவிடுவார்.

சிந்தித்துப் பாருங்கள்! நுழைவதற்குக் கடினமான வாசல். நுழைந்தபின், இடையிடையே வரும் நல்ல நேரங்களால் கலையாத தங்கல். நோய் உண்மையிலேயே நீங்கினால் வெளியேறும் வழி. ஏறி இறங்கும் நோயை மதிப்பிடுவதற்கு இதைவிட நேர்மையான முறை வேறென்ன இருக்க முடியும்? உளூவுக்குரிய இந்தச் சட்டத்தை அப்படியே எடுத்து உதவித் தொகைக்குப் பொருத்திவிடலாம் என்று நான் ஃபத்வா கொடுக்கவில்லை. ஆனால், இடையில் நலமாக இருந்த ஒரு மணி நேரத்தைக் காட்டி ஒருவரின் நோயை இல்லையென்று சொல்வது நம் ஃபுகஹாக்களின் வழியல்ல என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

'மிகுதியானதற்கு முழுமையின் சட்டம்' என்பதும் ஃபிக்ஹில் புழங்கும் ஒரு விதி. ஆச்சரியம் என்னவென்றால், பிரிட்டனில் 2013-ல் தொடங்கப்பட்ட இயலாமை உதவித் தொகையின் சட்டமும் ஏறக்குறைய இதையே பேசுகிறது. ஏறி இறங்கும் நோயுடையவரின் ஒரு நாளைப் பார்க்காமல், 12 மாதக் காலத்தைப் பார்த்து, அதில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அவர் நிலை என்ன என்று அது கேட்கிறது. ஒரு செயலைச் 'செய்ய முடியும்' என்று சொல்வதற்கு, அதை ஆபத்தின்றியும், ஏற்கத்தக்க விதத்திலும், திரும்பத் திரும்பவும், நியாயமான நேரத்திற்குள்ளும் செய்ய முடிய வேண்டும் என்றும் அது கூறுகிறது. 'பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பவர் சக்தியுள்ளவர் அல்லர்' என்று நம் முன்னோர் கூறியதற்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்!

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அதனை 21 ஆக விரித்தது. 2017 ஏப்ரல் 19 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மேலே சொன்ன மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நடுக்குவாதம், ஹீமோபிலியா, அரிவாள் அணு நோய் ஆகியவை அந்த 21-ல் அடங்கும். முடக்குவாதம் தனிப் பெயரில் அதில் இல்லை. அது மூட்டுகளில் விட்டுச் செல்லும் சேதம் கை கால் இயக்கக் குறைபாட்டின் கீழ் அளக்கப்படும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதத்திற்குக் குறையாத குறைபாடு இருக்க வேண்டும். வறிய நிலையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக வருவாய்த்துறை மூலம் தரப்படும் மாத ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தையல் எந்திரத்தை மிதிக்க முடியாத வாரங்களில் ஒரு குடும்பத்திற்கு அது சிறு தொகையல்ல.

கால் இயக்கத்தை அளக்கும்போது மருத்துவர்கள் மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசை எவ்வளவு வலுவாக இருக்கிறது, ஆள் எவ்வளவு நிலையாக நிற்கிறார் என்பவற்றைப் பார்த்துச் சதவீதம் போடுகிறார்கள். வலியை அளக்கக் கருவி கிடையாது. விடியற்காலை இறுக்கத்தைப் பகல் பதினொரு மணிக்கு அளக்கவும் முடியாது. ஆகவே, சொல்ல வேண்டியதை நோயாளிதான் சொல்ல வேண்டும். காலப்போக்கில் மாறக்கூடிய குறைபாடாக இருந்தால், சான்றிதழ் எதுவரை செல்லும் என்ற கால அளவையும் குறிக்க வேண்டும் என 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. முடிவில் குறை இருந்தால் மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஏமாற்றிச் சலுகை பெறுவோருக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 91-ஆவது பிரிவு எச்சரிக்கிறது.

கேட்பவர் கவனிக்க வேண்டியவை

முதலில், இந்த உதவியைக் கேட்பதே இழிவு என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. வாசல் வாசலாகக் கையேந்தும் இழிவிலிருந்து காப்பதற்காகத்தான் பொதுச் செல்வத்தில் இயலாதோருக்குப் பங்கு வைக்கப்படுகிறது. யாசித்துக்கொண்டிருந்த முதிய யூதர் ஒருவரைக் கண்டு மனமிரங்கிய உமர் (ரலி) அவர்கள், அவருக்குப் பைத்துல் மாலிலிருந்து உதவி வழங்கச் செய்ததை இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் தம் கிதாபுல் கராஜில் பதிந்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 86 முதல் 96 வரை ஆண்ட கலீஃபா வலீத், நடக்க இயலாதோருக்குப் பணியாளரையும் பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும் அமர்த்திக் கொடுத்ததாக வரலாறு கூறுகிறது. உரியவர் கேட்பது பிச்சையல்ல.

ஆனால் உரியவர் யார்? இங்கே ஒரு ஹதீஸ் என்னை நீண்ட நாட்களாகச் சிந்திக்க வைத்திருக்கிறது. ஹஜ்ஜத்துல் விதாவின் போது பெருமானார் (ஸல்) அவர்கள் தர்மப் பொருளைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். இருவர் வந்து கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவ்விருவரையும் மேலும் கீழும் நோக்கினார்கள். திடமான உடல் வாய்ந்தவர்களாகக் கண்டார்கள். எனினும் விரட்டவில்லை. நீங்கள் விரும்பினால் தருகிறேன். ஆனால் செல்வருக்கும், உழைத்துச் சம்பாதிக்கும் வலிமையுடையவருக்கும் இதில் பங்கு இல்லை என்ற கருத்தில் கூறினார்கள். அபூதாவூதிலும் நஸாயீயிலும் இச்செய்தி உள்ளது. கண்ணுக்குத் தெரிந்த உடல் ஒன்று சொன்னாலும், உள்ளே இருப்பதை அறிந்தவர்கள் அவர்களே என்பதால், சட்டத்தை எடுத்துச் சொல்லி முடிவை அவர்களின் மனச்சாட்சியிடமே ஒப்படைத்தார்கள் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள்.

ஆகவே, கேட்பவரின் நாவின் மீது பெரும் பொறுப்பு இருக்கிறது. மருத்துவர் முன் இல்லாத நொண்டலை நொண்டிக் காட்டுவது பொய். தனக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக்கொள்பவரைப் பொய்யான இரு ஆடைகளை அணிந்தவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்பிட்டிருக்கிறார்கள். இல்லாத நோயைக் காட்டுவதும் அந்த எச்சரிக்கைக்கு அப்பாற்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. கௌரவத்திற்காக வலி மாத்திரையை விழுங்கிவிட்டு, மருத்துவர் முன் விறைப்பாக நடந்து, "பரவாயில்லைங்க, சமாளிச்சுக்கிடுவேன்" என்று சொல்வதும் உண்மைக்கு மாறானதே. அதனால் பட்டினி கிடப்பது அவர் மட்டுமா? மனைவி மக்களுமல்லவா?

நல்ல நாளையும் மறைக்காதீர்கள். கெட்ட நாளையும் மறைக்காதீர்கள். ஒரு மாதம் வரை சிறு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள்: எத்தனை நாள் எழ முடியவில்லை, எத்தனை மணிக்கு இறுக்கம் விட்டது, எவ்வளவு தூரம் நடந்தீர்கள், நடந்த மறுநாள் எப்படி இருந்தது. அதையும் பழைய மருத்துவச் சீட்டுகளையும் கொண்டுபோய், "மாதத்தில் இத்தனை நாள் இப்படி, இத்தனை நாள் இப்படி" என்று சொல்லுங்கள். அதுவே முழு உண்மை.

அடுத்து, சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாம் கேட்டதைக் கொண்டே தீர்ப்பளிப்பதாகவும், ஒருவரின் வாதத் திறமையால் அவருக்குச் சகோதரனின் உரிமையை வெட்டிக் கொடுத்துவிட்டால் அது நெருப்பின் ஒரு துண்டே என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நபியவர்களின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், மருத்துவக் குழுவின் முத்திரை எப்படி ஆக்கும்? ஆகவே, ஏமாற்றிப் பெற்ற சான்றிதழ் பணத்தை ஹலாலாக்காது. அதே போல், சான்றிதழ் கிடைக்காததனால் ஒருவரின் வலி பொய்யாகிவிடாது. நோய் நீடித்த குணம் கண்டுவிட்டால், தாமே முன்வந்து தெரிவிக்க வேண்டும். காரணத்தால் ஆகுமானது காரணம் நீங்கினால் நீங்கிவிடும் என்பது ஃபிக்ஹின் விதி. ஒரு நல்ல வாரம் குணமல்ல. ஆனால் ஒரு நல்ல ஆண்டைக் கெட்ட ஆண்டு என்று சொல்லவும் கூடாது.

பார்ப்பவர் கவனிக்க வேண்டியவை

"அப்படியானால் ஏமாற்றுகிறவர்களே இல்லையா? ஆளாளுக்கு உள்ளே வலி என்று சொன்னால் யார் சோதிப்பது? உண்மையான ஏழைகளின் பங்கல்லவா பறிபோகும்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏமாற்றுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அதற்காகத்தான் மருத்துவக் குழுவும் சதவீதமும் தண்டனையும் இருக்கின்றன. யாசிக்கத் தகுதியுள்ள மூவரைப் பற்றிக் கபீஸா (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, அவர்களில் வறுமையுற்றவருக்கு அவர் சமூகத்தின் விவரமுள்ள மூவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். ஆக, விசாரிப்பது குற்றமல்ல. ஆனால் யார் விசாரிப்பது? விவரம் தெரிந்தவர்கள், அதுவும் பெயரோடு, முகத்தோடு. கையெழுத்தில்லாத கடிதம் சாட்சியமல்ல. அது புறம் பேசுவதின் எழுத்து வடிவம். எண்ணங்களில் அதிகமானதைத் தவிர்ந்துகொள்ளும்படியும், துருவி ஆராயாதிருக்கும்படியும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிடுகிறான்.

சாட்சியத்தின் நுட்பத்தையும் பாருங்கள். அருவியில் அவர் நின்றதைக் கண்டவர் கண்டது உண்மைதான். ஆனால் அவர் கண்டது ஒரு மாலையின் ஒரு மணி நேரத்தை. விடியலில் அவர் சுவரைப் பிடித்து நகர்ந்ததைக் கண்ட மனைவியிடம், இவரிடம் இல்லாத அறிவு இருக்கிறது. 'உண்டு' என்பவருக்கு முன்னுரிமை. ஏனெனில் 'இல்லை' என்பவர் அறியாத ஒன்றை அவர் அறிந்திருக்கிறார் என்று உஸூல் பாடத்தில் நாம் ஓதியிருக்கிறோமே! ஓதிய நானே அன்று புலியருவியில் அதை மறந்தேன். ஒதுங்கிப் போவதற்குப் பதில் ஸலாம் சொல்லி, "இன்று உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருந்தால், ஒரே வார்த்தையில் உண்மை தெரிந்திருக்கும்.

வேறொன்றும் இருக்கிறது. நோயாளி என்றால் எந்நேரமும் முகம் வாடியே இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவன் பிள்ளையோடு சிரிக்கக் கூடாது. கல்யாண வீட்டுக்குப் போகக் கூடாது. அருவியில் நனையக் கூடாது. இது என்ன நியாயம்? அல்லாஹ் கொடுத்த ஒரு நல்ல மாலைக்கு அவன் செலுத்தும் ஷுக்ரை நாம் அவனுக்கு எதிரான சாட்சியாக்குகிறோம். நம் பேச்சுக்கு அஞ்சி அவன் நல்ல நாளிலும் வீட்டுக்குள் முடங்கினால், அந்த முடக்கம் நோயினால் வந்ததல்ல, நம்மால் வந்தது.

ஜமாஅத்தின் கடமை

அந்தச் சகோதரருக்கு முடிவில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் சொன்னபடியே ஒரு மாதம் எழுதிக்கொண்டு மருத்துவக் குழுவின் முன் போனார். அருவிக்குப் போனதையும் சேர்த்தே சொன்னார். அவருடைய மூட்டுகளில் நிரந்தரச் சேதம் அப்போது அதிகமில்லை. 40 சதவீதம் வரவில்லை. ஓய்வூதியம் கிடைக்கவில்லை. மருத்துவர்கள் தங்கள் அளவுகோலின்படி அளந்தார்கள். அதில் அவருக்கு மனத்தாங்கல் இல்லை. மொட்டைக் கடிதம் எழுதியவர் வென்றுவிட்டதாக நினைத்திருக்கலாம். ஆனால், அளவுகோலுக்குக் கீழே விழுந்தவர்கள் அல்லாஹ்வின் கணக்கிலும் விழுந்துவிட்டவர்களா? தாம் ஏழை என்றோ, தம்மால் உழைக்க இயலவில்லை என்றோ ஒருவர் கூறினால், அதற்கு மாறாக எதுவும் தெரியாதவரை சாட்சி கேட்காமல் அவர் சொல்லை ஏற்று ஜகாத் கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூற்கள் கூறவில்லையா? அரசாங்கத்தின் அளவு முடிகிற இடத்தில் நம் பைத்துல் மாலின் வேலை தொடங்குகிறது.

அவ்வாறே, அவர் படுக்கையில் கிடக்கும் வாரங்களுக்கு உதவுவதென்று ஜமாஅத்தில் முடிவு செய்தோம். பள்ளிவாசல் படியின் ஓரத்தில் சாய்தளம் போட்டோம். முதல் ஸஃப்பின் ஓரத்தில் இரண்டு நாற்காலிகள் எப்போதும் கிடக்கும். யார் எந்த வேளையில் அமர்ந்தார், எந்த வேளையில் நின்றார் என்று யாரும் கணக்கெடுக்கக் கூடாதென்று ஜுமுஆவில் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கே முதலில் சொல்லிக்கொண்டேன்.

பிறகு அந்தச் சகோதரரிடம் தனியாகப் போய், அருவியில் நான் ஒதுங்கிப் போனதையும், அன்று அவரைப் பற்றி நினைத்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அவர் கையில் வீக்கமில்லை.

"விடுங்க ஹஜரத். அன்னைக்கு அந்தத் தண்ணியில நிக்கும்போது, எனக்கு நோயே இல்லன்னு நானே நெனச்சுட்டேன். மறுநாள் காலையிலதான் தெரிஞ்சுது" என்றார்.

தன் உடலின் நாளைய நிலை அந்த உடலுக்குரியவருக்கே தெரியவில்லை. தூரத்தில் நின்று பார்த்த நமக்கு மட்டும் எல்லாம் தெரிந்துவிட்டதா?

வல்ல அல்லாஹ் நம் நாவுகளுக்கு உண்மையையும், நம் உள்ளங்களுக்கு நல்லெண்ணத்தையும், நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், குணம் தாமதிக்கும் நாட்களில் பொறுமையையும், அவர்களைச் சுற்றியிருக்கும் நமக்கு அவர்களின் சுமையில் பங்கெடுக்கும் பாக்கியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.